ஏழு உலகக் கோப்பைகள் கண்ட ஃபோர்மீகா: ஒருவரின் சாதனையா, ஒரு நாட்டின் அலட்சியமா?

கேள்வி: மாலைநேர மைதானம்

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் கால்பந்தை நான் ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கியது 2019ஆம் ஆண்டு பிரான்சில் நடந்த உலகக் கோப்பையிலிருந்துதான். கிரெனோபிள் நகரில் ஜமைக்காவுக்கு எதிராகப் பிரேசில் ஆடிய முதல் ஆட்டத்தில் மூன்று கோல்களையும் கிறிஸ்டியானியே அடித்தார். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் என் நினைவில் நின்றவர் அவர் அல்லர். நடுக்களத்தில் 8ஆம் எண் சட்டையோடு, பரபரப்பாக ஓடாமலேயே, பந்து வந்து விழும் இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருந்த ஒருவர். அவருக்கு வயது 41 என்று திரையில் காட்டியபோது எண்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு தேடிப் படித்ததில், ஃபோர்மீகா என்று எல்லோராலும் அழைக்கப்படும் மிராயில்டெஸ் மசியேல் மோட்டா, 1995 தொடங்கி 2019 வரை ஏழு உலகக் கோப்பை அணிகளிலும், 1996 அட்லாண்டா தொடங்கி 2021இல் நடந்த டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக் அணிகளிலும் இடம்பெற்றவர் என்று தெரிந்தது. ஆடவர் கால்பந்தில்கூட 2022ஆம் ஆண்டுப் போட்டி வரை ஐந்து உலகக் கோப்பைகளுக்கு மேல் கண்டவர் எவரும் இல்லை. அப்படியிருந்தும், பிரேசில் பெண்கள் கால்பந்து என்றாலே மார்த்தாவைப் பற்றி மட்டுமே பேச்சு வருகிறது. தமிழில் ஃபோர்மீகாவைப் பற்றி ஒரு முழுக் கட்டுரைகூட என் கண்ணில் படவில்லை.

இங்கே விவரம் அறிந்தவர்கள் இருப்பதால் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். அதிக ஓட்டம் தேவைப்படும் நடுக்களத்தில் ஒருவரால் 26 ஆண்டுகள் தேசிய அணியில் எப்படி நீடிக்க முடிந்தது? இரண்டாவது கேள்வி, இதைப் பற்றி நானும் என் தம்பியும் வாதிட்டபோது அவன் எழுப்பியது: 41 வயதுக்காரரை உலகக் கோப்பையில் இறக்க வேண்டிய நிலைமை ஒரு நாட்டுக்கு வந்தால், அது அந்த வீராங்கனைக்குப் பெருமையா, அவருடைய இடத்துக்கு இன்னொருவரை வளர்க்காத அந்த நாட்டுக்கு இழுக்கா? அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பதில் 1: பழைய ஸ்கோர் அட்டை

நல்ல கேள்வி, நண்பரே. இரண்டாவது கேள்விக்கு மற்றவர்கள் வரட்டும். அதற்கு முன் அவருடைய வாழ்க்கையின் தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் உங்கள் தம்பியின் கேள்வியை எடைபோட முடியாது.

ஃபோர்மீகா 1978 மார்ச் 3 அன்று பிரேசிலின் வடகிழக்கில் உள்ள பாயியா மாநிலத்தின் தலைநகரான சல்வதோரில் பிறந்தார். அன்றைய தேதியில் அந்த நாட்டில் பெண்கள் கால்பந்து ஆடுவது சட்டப்படி தடை செய்யப்பட்டிருந்தது. ஜெத்தூலியோ வர்காஸ் ஆட்சியில், 1941 ஏப்ரலில் வெளியான ஓர் ஆணை, பெண்களின் இயல்புக்குப் பொருந்தாத விளையாட்டுகளில் அவர்கள் ஈடுபடக் கூடாது என்று பொதுவாகச் சொன்னது. 1965இல் ராணுவ ஆட்சிக் காலத்தில் தேசிய விளையாட்டுக் குழு, எந்தெந்த விளையாட்டுகள் என்று பெயர் குறிப்பிட்டே தடைசெய்தது. கால்பந்தும் கடற்கரைக் கால்பந்தும் உள்ளரங்கக் கால்பந்தும் அந்தப் பட்டியலில் இருந்தன. 1979இல்தான் அந்தத் தடை விலக்கப்பட்டது. பெண்கள் கால்பந்துக்கென்று முறையான விதிகள் வகுக்கப்பட 1983 ஆயிற்று. அதாவது, பிரேசிலுக்காக வேறு எவரையும்விட அதிக உலகக் கோப்பைகள் கண்டவர், தான் ஆடப்போகும் விளையாட்டு தனக்குத் தடைசெய்யப்பட்டிருந்த நாட்டில் பிறந்தவர். பெலே மூன்று உலகக் கோப்பைகளையும் வென்று முடித்த பிறகும் அந்தத் தடை இருந்தது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

போர்த்துக்கீசிய மொழியில் ஃபோர்மீகா என்றால் எறும்பு. தனக்கென்று பந்தை வைத்துக்கொள்ளாமல் அணிக்காக ஓயாமல் உழைத்த சிறுமியைப் பார்த்துச் சின்ன வயதிலேயே சூட்டிய பெயர் அது. தந்தையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். தெருவில் பையன்களோடு பந்து விளையாடியதற்காக அண்ணன்மாரிடம் அடியும் வாங்கியிருக்கிறார்.

1995இல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போன அணியில் இடம் கிடைத்தபோது அவருக்கு வயது 17. அந்த ஆண்டு பிரேசில், ஜெர்மனியிடம் 6-1 என்று தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பியது. இருபது வயதுக்குட்பட்டோர், பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று இன்று இருக்கும் பெண்கள் உலகப் போட்டிகள் எதுவும் அப்போது கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். இளையோருக்கான முதல் உலகப் போட்டி 2002இல்தான் வந்தது. ஆகவே படிப்படியாக ஏறி வர ஏணியே இல்லை, நேராகப் பெரியவர்கள் அணிதான்.

அடுத்த ஆண்டு அட்லாண்டாவில் பெண்கள் கால்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது பிரேசில் நான்காம் இடம் பெற்றது. 1999இல் பிரேசிலின் சிசி ஏழு கோல்கள் அடித்து, சீனாவின் சுன் வென்னோடு அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பகிர்ந்துகொண்ட உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். 2000 சிட்னியில் மறுபடியும் நான்காம் இடம். அதன் பிறகு மார்த்தா, கிறிஸ்டியானி தலைமுறை வந்துசேர, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும் வெள்ளி. இரண்டு இறுதியாட்டங்களிலும் அமெரிக்காவிடம், இரண்டு முறையும் கூடுதல் நேரத்தில் விழுந்த கோலால் தோல்வி. இடையில் 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அதே அமெரிக்காவை 4-0 என்று வீழ்த்திவிட்டு, ஷாங்காய் இறுதியாட்டத்தில் ஜெர்மனியிடம் 2-0 என்று தோற்றார்கள். சிசி ஓய்வு பெற்றார், ப்ரெட்டின்யா ஓய்வு பெற்றார், பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். இந்த மூன்று தலைமுறைகளுக்கும் நடுவில் மாறாமல் நின்ற பெயர் ஃபோர்மீகா ஒன்றுதான்.

கிளப் வாழ்க்கை இதைவிடச் சிக்கலானது. சாவோ பாலோவில் ஆடினார். 2004 வாக்கில் சுவீடனின் மால்மோவுக்குப் போனார். அமெரிக்காவில் 2009இல் புதிதாகத் தொடங்கிய தொழில்முறை லீக்கில் கலிபோர்னியாவின் கோல்டு பிரைடு, பிறகு சிகாகோ ரெட் ஸ்டார்ஸ் அணிகளுக்காக ஆடினார். அந்த லீக் மூன்று பருவங்களோடு மூடப்பட்டது. தாய்நாடு திரும்பிய பிறகு, 2011, 2013, 2014 ஆகிய மூன்று ஆண்டுகளில் தென்னமெரிக்க கிளப் கோப்பையான லிபெர்தடோரெஸைப் பெண்கள் பிரிவில் வென்ற சாவோ ஜோசே அணியின் நடுக்களத்துக்குத் தூணாக இருந்தார். இத்தனை கிளப்புகளைப் பார்த்து அவர் நிலையில்லாதவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் எங்கும் நிலையாக இருக்கத் தயாராகத்தான் இருந்தார். கிளப்புகளும் லீக்குகளும்தான் நிலைக்கவில்லை.

பதில் 2: வலப்பக்கத் தடுப்பாளர்

முதல் கேள்விக்கு, அதாவது உடல் எப்படி ஒத்துழைத்தது என்பதற்கு, மைதானத்தில் அவர் செய்த வேலையை வைத்தே பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நடுக்களம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அதற்குள்ளேயே பல வேலைகள் இருக்கின்றன. தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நின்று, எதிரணியின் தாக்குதல் உருவாகும்போதே அதைக் குலைத்து, பறித்த பந்தைத் தாமதிக்காமல் முன்னால் இருப்பவரிடம் சேர்ப்பவரைப் பிரேசிலில் வொலாஞ்சே என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வண்டியின் ஸ்டியரிங் என்றும் பொருள் உண்டு. இளமையில் ஃபோர்மீகா இரண்டு பெனால்டிப் பகுதிகளுக்கும் இடையே ஓடியாடும் வீராங்கனையாகவே இருந்தார். அதற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை ஒரு கோல்கூட விட்டுக்கொடுக்காமல் வென்ற ஜெர்மனி, பத்தாவது நிமிடத்திலேயே பிரின்ட்ஸ் அடித்த கோலால் முன்னிலை பெற்றுவிட்டது. இடைவேளைக்குச் சற்று முன் அந்த முன்னிலையைச் சமன் செய்தவர் ஃபோர்மீகா. பிறகு கிறிஸ்டியானியும் மார்த்தாவும் அடித்த கோல்களால் 4-1 என்று ஆட்டம் முடிந்தது; மறுநாள் பேச்சு முழுவதும் அந்த இருவரைப் பற்றியே இருந்திருக்கும், அதில் தவறும் இல்லை. ஆனால் கதவைத் திறந்த கோல் வேறொருவருடையது.

வயது ஏற ஏற அவர் ஓடும் தூரத்தைக் குறைத்துக்கொண்டு, நிற்கும் இடத்தைத் துல்லியமாக்கிக்கொண்டார். சிறகுப் பகுதி, அதாவது மைதானத்தின் ஓரப் பகுதி, ஆட்டக்காரரின் மூலதனம் வேகம். முப்பதைத் தாண்டியதும் அது கரையத் தொடங்கும். எதிராளி அடுத்து எங்கே பந்தைத் தட்டுவார் என்று ஊகிப்பதுதான் தடுப்பு நடுக்கள ஆட்டக்காரரின் மூலதனம். அது அனுபவத்தோடு பெருகுமே தவிரக் குறையாது. இவரோ அதை மட்டுமே நம்பி நிற்காமல், பந்தைக் காலிலிருந்து பறிக்கும் மூர்க்கத்தையும் கடைசி வரை விடவில்லை. நீங்கள் பார்த்த 2019 உலகக் கோப்பையிலேயே முதல் இரண்டு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் அட்டைகள் வாங்கி, இத்தாலிக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் ஆட முடியாமல் வெளியே உட்கார நேர்ந்தது. 41 வயதில் அப்படித் தடை வாங்குவதும் ஒருவகைச் சான்றிதழ்தான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2015இல் மொன்ட்ரியலில் தென்கொரியாவுக்கு எதிராக அவர் அடித்த கோலையும் மறக்கக் கூடாது. அப்போது வயது 37. பெண்கள் உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்களில் மிக மூத்தவர் என்ற பெயரை அது அவருக்குத் தந்தது. தளர்வான ஒரு பின்பாஸை மோப்பம் பிடித்துப் பாய்ந்து, கோல்காப்பாளருக்கு எதிரே தனியாக வந்து அடித்த கோல் அது. சற்று முன்பு நான் சொன்ன ஊகிக்கும் திறனுக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஜனவரியில், 39 வயதை நெருங்கும் நேரத்தில், பாரிஸ் செயின்ட் ஜெர்மன் அவரை ஒப்பந்தம் செய்தது. பொதுவாக அந்த வயதில் வீராங்கனைகள் ஐரோப்பாவை விட்டு ஊர் திரும்புவார்கள். இவரோ அந்த வயதில்தான் மறுபடியும் அங்கே போனார். நல்ல புல்தரை, மருத்துவர், உணவு, ஓய்வு என்று ஒரு பெரிய கிளப்பின் முழு வசதிகளும் அங்கே கிடைத்தன. போன சில மாதங்களிலேயே கார்டிஃபில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் வரை அணி சென்றது. இன்னொரு பிரெஞ்சு கிளப்பான லியோனிடம் பெனால்டி உதைகளில் 7-6 என்று தோற்றது. 2018இல் அதே லியோனைத் தோற்கடித்துப் பிரெஞ்சுக் கோப்பையை வென்றார்கள். 2021இல், தொடர்ந்து 14 ஆண்டுகள் பிரெஞ்சு லீக் பட்டத்தைத் தன்வசம் வைத்திருந்த லியோனின் ஆதிக்கத்தை முறித்து முதன்முறையாகப் பட்டம் பெற்ற அணியிலும் அவர் இருந்தார், 43 வயதில். இப்படிப்பட்ட வசதிகள் இருபது வயதிலேயே கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பதில் 3: கடைசி விசில்

மேலே இருவர் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கேட்டவரின் தம்பி பக்கம் நின்று நான் பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்தச் சாதனையைக் கொண்டாடும் வேகத்தில் அதன் மறுபக்கத்தை எல்லோரும் கடந்துபோய்விடுகிறோம்.

ஃபோர்மீகா 2016இலேயே தேசிய அணியிலிருந்து விடைபெற்றுவிட்டார். ரியோ ஒலிம்பிக்கில் மரக்கானா மைதானத்தில் சுவீடனிடம் பெனால்டி உதைகளில் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்ற பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் அவருக்கு முறையான வழியனுப்புதலும் நடந்தது. 2018இல் அப்போதைய பயிற்சியாளர் வாடாவோ அவரை மீண்டும் அழைத்தார். அழைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? 20 கோடிக்கும் மேல் மக்கள்தொகை கொண்ட, தெருவுக்குத் தெரு கால்பந்து ஆடுகிற ஒரு நாட்டில், ஓர் இடத்துக்கு ஆள் இல்லாமல் 40 வயதானவரின் கதவைத் தட்டினார்கள் என்றால், அந்தக் குறை அவருடையது அன்று, நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பினுடையது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2019 ஜூன் 23 அன்று லே ஹாவ்ர் நகரில் பிரான்சிடம் கூடுதல் நேரத்தில் 2-1 என்று தோற்று வெளியேறியதும், மார்த்தா கேமராவை நேராகப் பார்த்துப் பிரேசிலின் இளம்பெண்களிடம் பேசியது பலருக்கும் நினைவிருக்கும். ஃபோர்மீகாவும் மார்த்தாவும் கிறிஸ்டியானியும் எப்போதும் இருக்கப்போவதில்லை, பெண்கள் கால்பந்து பிழைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். அதில் முதலாவதாக ஃபோர்மீகாவின் பெயரைச் சொன்னது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பேச்சை உணர்ச்சிப் பெருக்கான உரை என்று உலகம் பகிர்ந்துகொண்டது. எனக்கு அது ஒரு புகார் மனுவாகவே கேட்டது.

புகார்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 2001இல் சாவோ பாலோ மாநிலக் கூட்டமைப்பு நடத்திய பெண்கள் போட்டிக்கு வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆட்டத்தோடு தோற்றத்தையும் அளவுகோலாக வைத்தார்கள். தலையை மழித்துக்கொண்டவர்களுக்கு இடமில்லை என்றார்கள். 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோற்று வெள்ளிப் பதக்கம் வாங்க நின்றவர்கள், தங்களுக்கு ஆதரவு வேண்டும் என்று எழுதிய பதாகையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பெண்களுக்கான பிரேசில் கோப்பை தொடங்கியது; முறையான தேசிய லீக் 2013 வரை காத்திருந்தது. 2016இல் முதன்முறையாக ஒரு பெண், எமிலி லிமா, தேசிய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டு, ஓராண்டு நிறைவடைவதற்கு முன்பே நீக்கப்பட்டார். அதைக் கண்டித்துக் கிறிஸ்டியானி உட்படச் சிலர் தேசிய அணியில் இனி ஆடுவதில்லை என்று அறிவித்தார்கள். முதல்நிலை ஆடவர் கிளப்புகள் ஒவ்வொன்றும் பெண்கள் அணி ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 2019இல் வந்தது. அப்போது ஃபோர்மீகாவுக்கு வயது 41.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று எழுதி இந்தக் கதையை இனிமையாக முடித்துவிடலாம். அவருடைய பெயரும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. ஆனால் 26 ஆண்டுகள் ஊர்ந்தும் அவருக்கு உலகக் கோப்பை கிடைக்கவில்லை, ஒலிம்பிக் தங்கம் கிடைக்கவில்லை. பான் அமெரிக்கப் போட்டிகளில் 2003, 2007, 2015 என்று மூன்று தங்கங்கள், தென்னமெரிக்கப் பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் வெள்ளிகள். பெரிய சேகரிப்புதான். தொழில்முறைப் பயிற்சியும் உள்நாட்டு லீக்கும் அமைந்த அமெரிக்காவோடும் ஜெர்மனியோடும், அவை இல்லாமல் போட்டியிட்ட ஓர் அணி கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றது என்றால், அது அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுத வேண்டியதன்று.

கேட்டவர்: மாலைநேர மைதானம்

மூவருக்கும் நன்றி. கடைசி விசில் எழுதியதைத் தம்பியிடம் காட்டினேன். வென்றுவிட்ட முகத்தோடு போய்விட்டான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர் இடத்துக்கு ஆளே இல்லை என்பதால்தான் ஆடினார் என்றால், அவர் விலகிய பிறகு பிரேசிலின் நடுக்களம் சரிந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடந்ததா? அவருடைய கடைசி ஆட்டம் எது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

பதில் 4: பழைய ஸ்கோர் அட்டை

இதற்கு ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. பிரேசில் பெண்கள் அணி உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே வெளியேறியது மூன்று முறை: 1991, 1995, 2023. முதலாவது, ஃபோர்மீகா அணிக்கு வருவதற்கு முன்பு. இரண்டாவது, 17 வயதுப் பெண்ணாக அவர் வந்து சேர்ந்த ஆண்டு. மூன்றாவது, அவர் இல்லாமல் பிரேசில் ஆடிய அடுத்த உலகக் கோப்பை. ஜமைக்காவுடன் கோல் இல்லாமல் சமன் செய்து வெளியேறினார்கள். இடையில் வந்த 1999, 2003, 2007, 2011, 2015, 2019 ஆகிய ஆறு போட்டிகளிலும் அவர் இருந்தார், அணியும் முதல் சுற்றைத் தாண்டியது.

இதைக் காட்டி, பார்த்தீர்களா, அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று வாதாடுவது எளிது. ஆனால் அடுத்த ஆண்டே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், முற்றிலும் புதியவர்கள் நிறைந்த நடுக்களத்தோடு பிரேசில் இறுதியாட்டம் வரை போய் அமெரிக்காவிடம் 1-0 என்று தோற்று வெள்ளி வாங்கியது. மார்த்தாவே ஸ்பெயினுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்று, காலிறுதியிலும் அரையிறுதியிலும் வெளியே இருந்த நிலையில்தான் அந்த அணி இறுதிக்குச் சென்றது. ஆகவே 2013இல் வந்த லீக்கும் 2019இல் கிளப்புகளுக்கு வந்த கட்டாயமும் பலன் தரத் தொடங்கிவிட்டன என்றே நான் கொள்கிறேன். இதில் கடைசி விசிலோடு நான் பெருமளவு உடன்படுகிறேன்: அமைப்பு ஒழுங்காக இருந்தால் ஆட்கள் வருவார்கள். உடன்படாத இடம் ஒன்றுதான். ஆள் இல்லாததால் அழைத்தார்கள் என்பது 2018க்குப் பொருந்தலாம், 2021க்குப் பொருந்தாது. வாடாவோவுக்குப் பிறகு வந்த பியா சுந்தாகே, அமெரிக்காவுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் சுவீடனுக்கு ஒரு வெள்ளியும் பெற்றுத் தந்த பயிற்சியாளர். ரியோ அரையிறுதியில் ஃபோர்மீகாவின் அணியை வீழ்த்தியதும் அவருடைய சுவீடன்தான். நன்றிக்கடனுக்காக எவரையும் அணியில் வைத்திருக்க வேண்டிய அவசியம் அந்த வெளிநாட்டவருக்கு இல்லை. அவரும் 43 வயதான ஃபோர்மீகாவை டோக்கியோவுக்கு அழைத்துப்போனார், ஆட்டங்களின் தொடக்க வரிசையிலேயே இறக்கினார். காலிறுதியில் கனடாவிடம் பெனால்டி உதைகளில் தோற்றார்கள். அந்தக் கனடாதான் பிறகு தங்கம் வென்றது. பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்த நாளிலிருந்து டோக்கியோ வரை நடந்த ஏழு போட்டிகளையும் விடாமல் கண்டவர் அவர் ஒருவரே.

கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி, ஆனால் பலருக்குத் தெரியாது: 2021 நவம்பர் 25 அன்று அமேசான் காட்டின் நடுவே உள்ள மனாஉஸ் நகரில், இந்தியாவுக்கு எதிராக. அடுத்த ஜனவரியில் சொந்த மண்ணில் நடக்கவிருந்த ஆசியக் கோப்பைக்குத் தயாராவதற்காக இந்தியப் பெண்கள் அணி அங்கே நடந்த நான்கு நாட்டுப் போட்டிக்குச் சென்றிருந்தது. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் அடித்துவிட, இது எத்தனையில் போய் முடியுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தபோது, எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த மனீஷா கல்யாண் இடப்பக்கமாக ஓடிப் பந்தை வலைக்குள் அடித்தார். பிரேசிலுக்கு எதிராக 1-1. முடிவு 6-1 என்று ஆனது உண்மைதான். ஆனாலும் அந்தக் கோல் அங்கே விழுந்தது.

இரண்டாம் பாதியின் பிற்பகுதியில் ஃபோர்மீகா மாற்று வீராங்கனையாக உள்ளே வந்தார். 200க்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்களின் கடைசிச் சில நிமிடங்கள் அவை. எதிரே நின்ற இந்திய அணியில், அவர் முதல் உலகக் கோப்பைக்குப் போனபோது பிறந்தே இராதவர்கள் பலர். மனீஷா பிறந்தது 2001இல். அதற்குள் ஃபோர்மீகா இரண்டு உலகக் கோப்பைகளையும் இரண்டு ஒலிம்பிக்குகளையும் முடித்திருந்தார்.

பதில் 5: வலப்பக்கத் தடுப்பாளர்

அந்த ஆட்டத்தை நானும் பார்த்தேன். இந்திய நேரப்படி விடியற்காலை. கோல் விழுந்தபோது வீட்டில் எவரையும் எழுப்பிச் சொல்ல முடியவில்லை. ஒரு சிறு திருத்தம் மட்டும்: பதில் 4இல் சுந்தாகேயின் முடிவைச் சான்றாகக் காட்டியது சரியே, ஆனால் டோக்கியோவில் ஃபோர்மீகாவை முழு ஆட்டமும் ஆட விடாமல், ஓட்டம் குறையும் நேரம் பார்த்து வெளியே எடுக்கும் வழக்கத்தையும் அவர் வைத்திருந்தார். இடம் தகுதிக்காகக் கிடைத்தது, நிமிடங்கள் வயதுக்கு ஏற்ப அளக்கப்பட்டன. கேட்டவரின் தம்பிக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்: மாலைநேர மைதானம்

சொன்னேன். 2008 அரையிறுதியை இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை வாதம் நிலுவையில் இருக்கும்.